துணைத்தலைவர் குடித்த தண்ணீர்

எங்கள் குடியிருப்பின் குழாய்த் தண்ணீர் ஒரு வாரமாக நாறிக்கொண்டிருந்தது. முதலில் என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டார்கள். அடுத்த வீட்டு விவகாரங்களில் நுழைந்து நுழைந்து தேய்ந்துபோன மூக்கு, அதில்தான் ஏதோ கோளாறு என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் காலை வாய் கொப்பளித்தவர் தண்ணீரை அப்படியே துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மன்னிப்பு இருந்தது. ஈரத்துணியைப் பையில் கட்டி மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதில் லேசாக இனிப்பைக் கலந்ததுபோல. அந்த இனிப்புதான் குமட்டியது.

குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். லிஃப்ட் பாதியில் நின்றால் 'அது ஓய்வெடுக்கிறது' என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். குழாய் துருப்பிடித்த வாடை என்றார். பக்கத்தில் நின்ற துணைத்தலைவர், துரு வாடைதான் என்றார். தலைவர் சற்று யோசித்து, மருந்து போட்ட வாடையாகவும் இருக்கலாம் என்றார். மருந்து வாடையேதான் என்றார் துணை.

இந்தத் துணைத்தலைவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாலாவது மாடி. நான் வைத்த பெயர் ஆமாஞ்சாமி; மற்றவர்கள் நன்றியில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து தலைவராக வர ஆசைப்படுகிறவர் ஒரு வருடம் துணையாக இருந்து பழக வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் ஏற்பாடு. 'பின்னாடி நடக்கத் தெரியாதவன் முன்னாடி நடக்க ஆசைப்படக் கூடாது' என்று தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் முன்னால் போகிறவர் பள்ளத்தில் கால் வைக்கப்போனால் சட்டையைப் பிடித்து இழுப்பதும் பின்னால் போகிறவரின் வேலைதானே. ஆமாஞ்சாமி கற்றுக்கொண்ட பாடம் வேறு. தலைவர் தும்மினால் இவர் கைக்குட்டையை நீட்டுவார். மூக்கைத் துடைத்துவிட்டுத் தலைவர் திருப்பிக் கொடுத்தால், நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி வேறு மாதிரி. வேலைக்குப் போகிறவர்களின் சின்னக் குழந்தைகளைப் பகலில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். குழந்தைகள் அத்தை என்று கூப்பிட, கட்டடம் முழுவதற்கும் அவள் அத்தையாகிவிட்டாள். அந்த வாரம் இரண்டு குழந்தைகளுக்கு விடாமல் வாந்தி. பாலில் என்ன கலந்தாய் என்று ஒரு தாய் அவள் வாசலில் நின்று கேட்டது மூன்றாவது மாடியில் இருக்கும் எனக்கே கேட்டது. துணி காயப்போடும் சாக்கில் மேலே போனதால் இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. அன்றோடு அந்தத் தாய் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிட்டாள். துணியோடு திரும்பும்போது பார்த்தேன், அத்தை பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

சங்கக் கூட்டத்துக்கு முந்தின நாள் ஆமாஞ்சாமி மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி மழைக்காற்றில் பறந்துபோய் வெகுநாளாகிறது. புது மூடி எதற்கு, ஒரு பலகையை வைத்தால் போதும் என்று தலைவர் சொல்லியிருந்தார். மேலே போன ஆமாஞ்சாமி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, நேராகத் தலைவர் வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் காலை நாலாவது மாடிக்கு இரண்டு கேன் தண்ணீர் போனது, போர்வையில் சுற்றி. போர்வைக்கு இவ்வளவு கனம் உண்டா என்று லிஃப்டில் ஆமாஞ்சாமியிடம் கேட்டேன். கடைச் சாமான் என்றார். கடை கீழே தெருவில் இருக்கிறது, சாமான் மேலே போகிறது. சரி, கண்ணாடி விற்கிறவர், அவருக்குத் தெரியாத திசையா.

அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். தலைவர் விடைபெற வேண்டும், ஆமாஞ்சாமியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விடைபெறுகிறவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். வந்தவர்களோ தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். தலைவர் கையை உயர்த்தி, தன் காலத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை, தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, போகிற நாளில் வதந்தி வேண்டாம் என்றார். ஆமாஞ்சாமியின் தலை ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆடியது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து தலைவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"நல்ல தண்ணின்னா ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க," என்றேன்.

தலைவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு துணையைப் பார்த்தார். ஆமாஞ்சாமி டம்ளரை எடுத்தார்.

உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனிதர் அண்ணாந்து முழுவதையும் குடித்தார். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. மீசையில் ஒரு துளி தொங்கியது. அதையும் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சிலர் கைதட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பின்வரிசையிலிருந்து அத்தை எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"டேங்க்ல புறா செத்து ஊறிக் கிடக்குன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க. சார்கிட்டயும் சொல்லியாச்சு, கூட்டத்துல அவரே சொல்லிடுவார், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னீங்க. நானும் திறக்கலை. எல்லாரும் என் பாலைத்தான் குத்தம் சொன்னாங்க. சார் எப்போ சொல்லுவார்?"

யாரோ ஓங்கரித்தார்கள். என் வீட்டுக்காரர் அன்று குடித்த காப்பியையெல்லாம் நினைத்து நெஞ்சைத் தடவினார். காக்கா பிடித்துப் பழகிய மனிதருக்குப் புறா மாட்டியிருக்கிறது என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். குமட்டலோடு குமட்டலாக எனக்குச் சிரிப்பும் வந்தது.

தலைவர் அசையவில்லை. "என்கிட்ட யாரும் சொல்லலையே," என்றார், துணையைப் பார்த்து.

இப்போதாவது அந்த மனிதருக்கு ரோஷம் வரும் என்று காத்திருந்தேன். வயிற்றுக்குள் பிணத்தண்ணீர். எதிரே பழி சுமந்த மனைவி. இதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆமா," என்றார். "சார்கிட்ட நான் சொல்லலை. தப்பு என்னோடதுதான்."

அவர் தலைவர் வீட்டுக்குள் போனதையும் கதவைச் சாத்தியதையும் நான் பார்த்தேன் என்று சொன்னேன். வம்புக்காரி சாட்சி சொன்னால் அதுவும் வம்பாகத்தான் காதில் விழும். தலைவர் அதற்குள் கண் கலங்கிவிட்டார். பழியைத் தன் தோளில் வாங்குகிறவனே தலைவனாகத் தகுந்தவன், ஒரு வருடப் பயிற்சி வீணாகவில்லை என்று பிரசங்கமே செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லிஃப்ட்காரனோடும் குப்பை வண்டியோடும் மல்லுக்கட்ட வேறு எந்த மடையன் வரப்போகிறான்? கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. என் வீட்டுக்காரரின் கை பாதி எழும்பி, நான் திரும்பியதும் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஆமாஞ்சாமி தலைவரானார். அந்த டம்ளரை நான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

தொட்டியை என்ன செய்வது என்று ஒருவர் புதுத் தலைவரைக் கேட்டார். புதுத் தலைவர் பழைய தலைவரைத் திரும்பிப் பார்த்தார். பழையவர் கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இனி நான் சாதாரண ஆள் என்று சொல்லி லிஃப்டுக்குள் போய்விட்டார். நாங்கள் புதுத் தலைவரின் வாயைப் பார்த்தோம். அது திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை எங்கே என்று தேடினேன். ரப்பர் கையுறையும் வாளியும் ஒட்டடைக் கம்புமாகப் படியில் நின்றிருந்தாள். என் வீட்டுக்காரரிடம் கீழே போகும் குழாயை அடைக்கச் சொன்னாள். வீடு வீடாகப் போய்த் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் வேலையை, தன் வாசலில் நின்று கத்திய அந்தத் தாயிடம் கொடுத்தாள். அவள் தலையைக் குனிந்தபடி ஓடினாள். பிறகு அத்தை என்னைப் பார்த்தாள்.

"டார்ச் பிடிக்க வாங்க. பேசாம பிடிக்கணும்."

யாரும் சொல்லி நான் வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. அன்று மூடினேன். பாதி அவள் முகத்துக்காக, பாதி நாற்றத்துக்காக.

பலகை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. வெளிச்சம் காட்டினேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம்போல ஏதோ மினுங்கியது. கம்பு பட்டதும் சிறகு தனியாகக் கழன்று வந்தது. உடம்பு, ஊறிய ரொட்டிபோல, தொட்ட இடத்திலெல்லாம் பிரிந்தது. அத்தை முகத்தைச் சுளிக்காமல் துண்டு துண்டாக அள்ளி வாளியில் போட்டாள். நான் சுளித்தேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. ஆனால் டார்ச்சை அவள் கை போன இடத்துக்கெல்லாம் கொண்டுபோனேன்.

அப்போது புதுத் தலைவர் மொட்டைமாடி வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யலாமே," என்றார்.

அத்தை வாளியை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க."

பிடித்தார். இரண்டு கையாலும், நெஞ்சோடு அணைத்து. அவள் தொட்டியின் அடியில் இருந்த கழிவு அடைப்பைத் திறக்கப் போய்விட்டாள். தண்ணீர் வடிந்து முடியும்வரை அவர் அப்படியே நின்றார். அதை எங்கே கொட்டுவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.