பூசையில் வைத்த இடியன்

சிவரூபினி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இது அவளுடைய கணவன் சுஜீத் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுகொண்ட உண்மை. அவனுடைய அக்கா பிரசாந்தினி இத்தனை வருடமாகியும் ஒப்புக்கொள்ளாத உண்மை.

துவக்கு விஷயமும் அப்படித்தான் வந்தது. ஹரோவில் பிசியோதெரபி பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் இல்லை. வேலையிடத்துத் தோழி ஒருத்தி ஒருநாள் பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடும் கழகத்துக்கு அழைத்துப் போனாள். அன்றைக்கு இவள் சுட்டது ஒன்றும் படவில்லை. பக்கத்தில் நின்ற மனிதர் மெல்லச் சிரித்துவிட்டார். பாவம், அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் சுஜீத் நிம்மதியாக இருந்திருப்பான்.

அடுத்த வருடம் லைசென்ஸ் வந்தது. மாடிப்படிக்குக் கீழே சுவரோடு திருகி இறுக்கிய இரும்புக் கபேர்ட் வந்தது. அதற்குள் ஓர் இடியனும் வந்தது. குழாயின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, ஈயச் சன்னத்தைப் போட்டு, கம்பியால் இடித்து நிறைக்கிற பழைய மாதிரித் துவக்கு. பின்பக்கத்தில் துளையுள்ள சின்ன முளை ஒன்று இருக்கும். அந்த முளையின் தலையில் ஒரு செப்புக் கேப்பைச் செருகிவிட்டு விசையை இழுத்தால், கேப்பில் பிறக்கிற நெருப்பு துளைவழியே இறங்கி மருந்தைப் பற்றிக்கொள்ளும். நல்ல புதுத் துவக்குகள் இருக்க இந்தக் கரைச்சல் எதற்கு என்று சுஜீத் கேட்டான்.

"புதுசை ஆரும் சுடுவினம்," என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை கென்ட் பக்கத்துப் பண்ணையொன்றில் புறாச் சுடப் போயிருந்தாள். விதைத்த வயலை மொட்டையடிக்கிற காட்டுப் புறாக்களைத் துரத்துவதற்குப் பண்ணைக்காரரே அவளைக் கூப்பிடுவார். பின்னேரம் துவக்கை நிறைத்து, கேப்பும் போட்டுக் காத்திருந்த நேரத்தில் அவர் ஓடிவந்து, பக்கத்துத் தோட்டத்தில் குதிரை குட்டி போடப் போகிறது, இனிமேல் ஒரு வெடிகூட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

நிறைத்த இடியனை வெறுமையாக்க இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, சுட்டுவிடுவது. மற்றது, திருகாணி முனை உள்ள கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் தக்கையைக் கொத்தி இழுத்து, சன்னத்தையும் மருந்தையும் கொட்டுவது. முதலாவதற்கு வழியில்லை. இரண்டாவதற்குப் பொறுமையில்லை, மழை வேறு தூறத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை லீவு எடுத்திருந்தாள், திரும்பவும் இதே வயலுக்குத்தான் வரப்போகிறாள். கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துவக்கைக் காரில் வைத்தாள். நிறைத்த துவக்கைத் தெருவில் கொண்டு போகக்கூடாது என்ற சட்டம் தெரியாதவள் அல்ல. கேப்பு இல்லாத துவக்கு நிறைத்த துவக்கே இல்லை என்று தனக்குத் தானே வக்கீலாகி வாதாடி வென்றுவிட்டாள்.

வீட்டில் சுஜீத் அடுத்தநாள் பூசைக்காக முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் மறைக்கவில்லை, சொன்னாள். அவன் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டான்.

"மருந்தோடயோ வீட்டுக்குள்ள கொண்டு வந்தனீர்?"

"கேப்பு இல்லையப்பா. கேப்பு இல்லாட்டி அது வெறும் இரும்புக் குழாய்."

"வெறும் குழாய் எண்டால் ஏன் பூட்டி வைக்கிறீர்?"

நல்ல கேள்விதான். நல்ல கேள்வி கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. "ரெண்டு நாளில திரும்பக் கொண்டு போறன். அதுக்குள்ள கழட்டிக் கொட்டி, திருப்பி நிறைக்கிறது விசர் வேலை. கனபேர் இப்பிடித்தான் வைக்கிறவை."

"நீர் மறந்துபோய் அதுக்கு மேல இன்னொருக்கா நிறைச்சால்? குழாய் உம்மட முகத்திலயெல்லே வெடிக்கும்."

"நான் மறக்கிற ஆளோ?"

"நாளைக்கு அக்கா வாறா. பிள்ளையள் வருகினம். எனக்காக எண்டாலும் அதில இருக்கிற மருந்தை இறக்கிப்போடும்."

எனக்காக என்ற சொல்லுக்குக் கொஞ்சம் இரங்கினாள். "சரி, காலமை செய்யிறன்," என்றாள்.

காலையில் கடலை அவித்தாள், வடைக்கு அரைத்தாள், மகள் ஆரணிக்குப் பாவாடை தேடினாள். கபேர்ட் பூட்டியபடியே கிடந்தது.

நோர்பரியிலிருந்து பிரசாந்தினி வந்திறங்கியதும் வீடு அவளுடைய கைக்குள் போய்விட்டது. நேர்ஸ் வேலையில் ஒரு வார்டையே ஆட்டிப் படைக்கிறவளுக்கு ஒரு முன்னறை எம்மாத்திரம்! சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டு விரித்தாள். நெல்லைப் பரப்பி, நூல் சுற்றிய செம்பில் தண்ணீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்துக் கும்பத்தை எழுந்தருளச் செய்தாள். அவரவர் தொழிலுக்குரியதைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். சுஜீத்தின் லாப்டொப், ஆரணியின் வயலின், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகங்கள், பிரசாந்தினியின் ஸ்டெதஸ்கோப், அரிவாள், குறடு எல்லாம் வந்து சேர்ந்தன.

"ரூபி, நீர் என்ன வைக்கிறீர்?"

"துவக்கை."

பிரசாந்தினியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நவராத்திரியில புறாவைக் கொன்றுபோட்டு, அதைக் கொன்ற துவக்கை அம்மனுக்கு முன்னால வைக்கப் போறீரோ? உயிரை எடுக்கிற சாமான் இந்தப் பூசைக்கு ஆகாது."

"ஆயுதபூசை எண்டு பேரை வைச்சுப்போட்டு ஆயுதம் ஆகாதெண்டால் எப்பிடி மச்சாள்?"

சிவரூபினி போய்க் கபேர்ட்டைத் திறந்து துவக்கை எடுத்துவந்தாள். கதவடியில் சுஜீத் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இறக்கிப்போட்டீர்தானே?"

அவனுக்குப் பின்னால் பிரசாந்தினி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொன்னால் அந்தக் கணமே அவள் வென்றுவிடுவாள். நாளைக்கே குடும்பம் முழுக்கப் போன் பறக்கும், நாளை மறுநாள் துவக்கை விற்கச் சொல்வார்கள்.

"ஓம்," என்றாள் சிவரூபினி.

வாய்ப்பக்கம் சாமி படத்துக்கு அருகிலிருந்த வெறும் சுவரைப் பார்க்கும்படி துவக்கைக் கவனமாகக் கிடத்தினாள். பிறகு வடை கருகுகிற மணம் வரவே குசினிக்கு ஓடினாள். மனம் சுத்தமாக இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. பூசை முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தனக்குச் சத்தியம் செய்துகொண்டாள்.

கடலைத் தட்டோடு அவள் திரும்பி வந்தபோது பாட்டுத் தொடங்கிவிட்டது. சுஜீத் கற்பூரத் தட்டை எடுத்துவிட்டான். பிள்ளைகள் இடப்பக்கம் வரிசையாகச் சப்பாணி கட்டி அமர்ந்திருந்தார்கள், முதலில் ஆரணி. துவக்குக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் பின்பக்கத்தோடு ஒட்டினாற்போல ஒரு வாழைப்பழம், அதில் குத்திய ஊதுபத்திகள். குழாயின் வாய் சுவரைப் பார்க்கவில்லை.

"அம்மனுக்குப் பக்கத்தால அது நீட்டிக்கொண்டு கிடந்தது. மரியாதை இல்லை, திருப்பி வைச்சன்," என்று பிரசாந்தினி பாட்டின் இடைவெளியில் அவளுக்குக் கிசுகிசுத்தாள். அவள் மரியாதைக்குத் திருப்பிய வாய் ஆரணியின் நெஞ்சை நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

கேப்பு இல்லை, கேப்பு இல்லை என்று சிவரூபினி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் அந்த முளை கண்ணில் பட்டது. தலையில் ஒன்றும் இல்லாமல், துளை மேலே பார்த்துத் திறந்து கிடந்தது. கேப்பைக் கழற்றியதோடு ஆபத்தையும் கழற்றியாயிற்று என்று நினைத்திருந்தாள். அவள் கழற்றியது துளையின் மூடியை. ஊதுபத்தியின் சாம்பல் நுனியில் கனலோடு வளைந்து அதற்கு மேலேயே தொங்கியது. சுஜீத் அந்த வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு பொருளுக்கும் தாழப் பிடித்துத் தீபம் காட்டிக்கொண்டு வந்தான். லாப்டொப் முடிந்தது, வயலின் முடிந்தது. அடுத்தது துவக்கு.

பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற நினைப்பு அவளுக்கு ஒரு மூச்சளவுக்கு வந்தது. அந்த ஒரு மூச்சுக்காக அவள் பிறகு வெகுநாள் தன்னை வெறுத்தாள். தட்டைக் கீழே போட்டாள். கடலை அறையெங்கும் சிதறியது.

"பிள்ளையள், மூவ்! எழும்பி அங்கால போங்கோ! மூவ்!"

பிள்ளைகள் எழும்பவில்லை, வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவள் இரண்டே எட்டில் பட்டுக்கு முன்னால் விழுந்து, உள்ளங்கையால் அந்த முளையைப் பொத்தினாள். தாழ்ந்து வந்த தீபம் அவளுடைய புறங்கையில் பட்டது. சுஜீத் பதறிக் கையை இழுக்க, தட்டுச் சரிந்து எரிகிற கற்பூரம் பட்டில் விழுந்தது. பட்டு பற்றிக்கொண்டது.

"கையை எடும்! கை எரியுதடியப்பா!"

"எடுக்கமாட்டன்! பிள்ளையளை எடுங்கோ!"

தோல் பொசுங்கும் மணம் அவளுக்கே வந்தது. கை அசையவில்லை. மற்றக் கை எட்டிய தூரத்தில் தண்ணீர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அவள் கும்பத்தின் மேலிருந்த தேங்காயைத் தட்டிவிட்டாள். அது உருண்டு போய் ஸ்டெதஸ்கோப்பில் இடித்தது. "ஐயோ, கும்பம்!" என்று பிரசாந்தினி அலறினாள். சிவரூபினி மாவிலையோடும் நூலோடும் அம்மன் இருந்த செம்பைத் தூக்கி, பட்டின் மீதும் ஊதுபத்தி மீதும் தன் கையின் மீதும் ஊற்றினாள். கடைசித் தண்ணீருக்குக் கையை விலக்கி, துளைக்குள் போகும்படி விட்டாள். நெருப்பு அணைந்தது. ஊதுபத்திகள் சுருங்கிப் புகைந்தன. அதற்குள் சுஜீத் பிள்ளைகளை இரண்டு கையாலும் வாரிச் சுவரோரம் தள்ளியிருந்தான்.

அவள் துவக்கை வாய் மேலே பார்க்கத் தூக்கிக்கொண்டு பின்தோட்டத்துக்கு நடந்தாள். பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து அதன் பின்பக்கத்தை அதற்குள் அமிழ்த்தினாள். வெந்த கையை ஊற்றிக்கொண்டிருந்த பைப்புக்குக் கீழே பிடித்தபடி, பின்னால் வந்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இறக்கியாச்சு எண்டு சொன்னனீர்," என்றான் சுஜீத்.

"பொய் சொன்னன். நிறைச்ச துவக்கைத்தான் பிள்ளையளுக்கு முன்னால வைச்சன். மச்சாளில ஒரு பிழையும் இல்லை. ஆரும் அவவை ஒண்டும் சொல்லக்கூடாது."

பிரசாந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துவக்கைத் திருப்பி வைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் குந்திவிட்டாள்.

கையை வெகுநேரம் நனையவிட்டு, துணி சுற்றிக்கொண்டு, சிவரூபினி திருகு கம்பியை எடுத்துவரச் சொன்னாள். விடு, நாளைக்குக் கழகத்தில் யாரிடமாவது கொடுக்கலாம் என்றான் சுஜீத். அவள் கேட்கவில்லை. இன்னொரு நாளுக்கு அது நிறைந்து கிடக்கக்கூடாது. துவக்கின் வாயை ஆளில்லாத மதில்பக்கம் திருப்பி, தான் ஒருபுறமாக ஒதுங்கி நின்று, ஒற்றைக் கையால் கம்பியை உள்ளே விட்டுத் திருகினாள். வழுக்கியது. திரும்பவும் திருகினாள். வலியில் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தக்கை கடைசியில் பிய்ந்து வந்தது. பிரசாந்தினி எழுந்து வந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள்.

சன்னம் தட்டில் கொட்டுண்டது. மிளகு சைஸில், கருஞ்சாம்பல் நிறத்தில், கொட்டக் கொட்ட வந்தது. பிறகு அடித்தக்கையும், அதற்குப் பின்னால் கரிச்சேறு மாதிரி மருந்தும் வழிந்தன. எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு லைசென்ஸ் ஒஃபிஸுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லப்போறன்," என்றாள் சிவரூபினி.

"சொன்னால் பறிச்சுப்போடுவாங்கள், ரூபி," என்றாள் பிரசாந்தினி.

"பறிக்கட்டும். சொல்லுறதெண்டால் சொல்லுறதுதான்."

ஆரணி சுஜீத்தின் கையை விட்டுவிட்டு மெல்லத் தட்டுக்குக் கிட்ட வந்தாள். ஒரு சன்னத்தை விரலால் தொட்டு உருட்டினாள்.

"அம்மா, இது என்னைப் பாத்துத்தானே வைச்சிருந்தது?"

மகளின் தலைக்கு மேலாகச் சுஜீத் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிரசாந்தினியும் கண்ணால் கெஞ்சினாள். பிள்ளை இரவில் நித்திரை கொள்ளவேண்டும். சுவர்ப்பக்கம்தான் பார்த்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அங்கே நின்ற எல்லாரும் ஆமோதித்திருப்பார்கள்.

சிவரூபினி முழங்காலில் அமர்ந்து மகளின் முகத்துக்கு நேரே வந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "உன்னைத்தான். நான்தான் நிறைச்சு வைச்சன்."