நிமிர்த்திக் கொடுத்த கொட்டகை

ஈஸ்டர் முடிந்த வாரம் என் தங்கை நஸ்தாசியா மேடேறி வந்தாள்.

"அண்ணே, எங்க கொட்டகை ஆத்துப் பக்கமா சாயுது. நீதான் நிமித்திக் கொடுக்கணும். பாதிக் கொட்டகைய நீ எடுத்துக்கோ. உன் புல்லையெல்லாம் அங்கயே போட்டுக்கலாம். இந்த வருசம் மட்டும் இல்ல, எப்பவும்."

எனக்கு வாய் நிறைய சிரிப்பு. பிப்ரவரிப் பனி என் கொட்டகையை அமுக்கித் தரைமட்டமாக்கியிருந்தது. நான் தச்சன்தான், ஆனால் மரம் வாங்க வக்கில்லாத தச்சன். வீட்டில் நான்கு பசு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அவற்றுக்குக் காய்ந்த புல்தான் கதி. கம்பம் நட்டுப் போர் போடலாம் என்றால், எங்கள் மேட்டில் அடிக்கிற காற்றுக்குப் போர் நிற்காது. கூரை கிடைத்தால் போதும் என்று இருந்தேன். கூலி பேசவில்லை. தங்கையிடம் கூலி பேசுகிறவன் அண்ணனா?

ஓக் மரச் சட்டம். நூற்றிருபது வயதிருக்கும். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, அடுத்த மரத்தின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து நிறுத்தியது. தூண்களின் தலை இரண்டு சாண் வெளியே போயிருந்தது. முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, மக்கிப்போன அடிமரத்தை மாற்றினேன். இறுகிக் கிடந்த பழைய ஆணிகளைத் துளை போட்டே எடுக்க வேண்டியிருந்தது. சட்டம் தளர்ந்ததும் சங்கிலியைச் சுற்றி இறுக்கும் வின்ச் மாட்டி இழுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு விரல்கடைதான். ஆசைப்பட்டு அதிகம் இழுத்தால் கழுந்து முறிந்துவிடும். மரம் முனகும். அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், எனக்குச் சுத்தமாக வராத காரியம்.

தினமும் மத்தியானம் நஸ்தாசியா புளிப்பு சூப்பும் சோளக்களியும் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கல்யாணமான பிறகு அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"இன்னும் எத்தனை நாளாகும்ணே?"

பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். முட்டாள்.

இழுக்கத் தொடங்கிய இருபத்துநாலாம் நாள் தூக்குக்குண்டு தூணை ஒட்டி நேராகத் தொங்கியது. அவள் புருஷன் சிம்யோன் பிளம் சாராயத்தோடு வந்தான். ஊரில் பாதிப் பேர் அவன் பேச்சை நம்பிக் கெட்டவர்கள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் அது ஞாபகம் வரவில்லை.

"மச்சான், புது ஆணிய ஒரேயடியா இறுக்கிடாத. தலை வெளிய நிக்கட்டும். மரம் கொஞ்சம் ஒக்காரட்டும்."

"பெரிய தச்சன் ஆயிட்டியே!"

"உன்கூடச் சேந்தா கழுதைக்கும் ரெண்டு வேல வரும்ல?"

சிரித்துவிட்டேன். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு எண் செதுக்கச் சொன்னான், நாளைக்கு எதையாவது மாற்ற வேண்டுமானால் எது எங்கே என்று தெரியுமாம். ஒன்றிலிருந்து நூற்றுப் பதினெட்டு வரை செதுக்கினேன். அழகாக வேறு செதுக்கித் தொலைத்தேன்.

ஆகஸ்டில் புல் அறுத்துக் காயவைத்து, முதல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வாசலில் கிரேன் லாரி நின்றது. கூரையின் மரச்சில்லுகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. ஒருவன் என் எண்களைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவன் தாளில் எழுதினான். மூன்றாமவன் என் ஆணிகளை ஒரே தட்டில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

சிம்யோன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "கோவப்படாத மச்சான். வெளிநாட்டு ஓட்டல்காரன் வாங்கிட்டான், அவன் ஊர்ல கொண்டுபோய் இப்படியே நிறுத்தப் போறானாம். சாஞ்சு நின்னப்பவே கழட்டிப் பாத்தோம். ஆணி அசையல, கழுந்து ஒடையுது. நிமித்தி வச்சாத்தான் எடுப்பேன்னுட்டான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா இவ்ளோ நல்லா செஞ்சிருப்பியா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கழட்ட இன்னும் ஒரு ஆள் தேடுறாங்க, நாள்கூலி தருவாங்க. உன் கைவேல உனக்குத்தான தெரியும்?"

கையில் இருந்த, புல் அள்ளும் கவைமுள் அவன் மேல் பாயாதது மாதா புண்ணியம். நான் நிமிர்த்தியது கொட்டகையை இல்லை, அதன் பாடையை.

வண்டியைத் திருப்பும்போது நஸ்தாசியா ஓடிவந்தாள்.

"சாப்பிட்டுப் போண்ணே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு."

"ஈஸ்டருக்கு முன்னாலயே."

"அப்புறம் ஏன் நீ வந்து கூப்பிட்ட?"

"அவரு கூப்பிட்டா நீ வர மாட்டியேண்ணே."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். மாட்டை விரட்டினேன். பாதி வழியில் மழை பிடித்தது. புல்லை மூட ஒன்றும் இல்லை. மூட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வீட்டில் என் மனைவி பரஸ்கா நனைந்த வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். எந்த இரண்டு பசுவை விற்பது என்று பேசினோம். சிம்யோனின் பரம்பரையையே அவள் திட்டி ஓய்ந்தாள். கடைசியில் கேட்டாள்:

"நஸ்தாசியாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன். "அவளையும்தான் ஏமாத்திட்டான்."