நியாஸியின் இடம்

கராயெமிஷ் மரத்தின் தாழ்ந்த கிளைகளை அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தாள் ஸெகியே. கபர்க்குழிக்குள் பலகைகளை அடுக்கியதும் அவற்றின் மேல் இந்தக் கிளைகளைப் பரப்புவார்கள். தடித்த, பளபளப்பான இலை என்பதால் மண் இடுக்கு வழியாக உள்ளே சரியாது. அம்மாவுக்கும் இந்த மரத்திலிருந்துதான் வெட்டினார்கள். இன்று அப்பாவுக்கு.

அப்பா நியாஸி விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருந்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்து முடிவதற்குள் ஹஸ்பி சித்தப்பா மண்வெட்டியோடு வந்துவிட்டார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இந்த மலைச்சரிவில் வீட்டு மனிதர்களைப் பள்ளிவாசல் மையவாடியில் அல்ல, வீட்டுத் தோட்டத்திலேதான் புதைப்பார்கள். செர்ரி மரத்துக்கு அப்பால், கராயெமிஷ் நிழலில் அம்மா கிடந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்தைத்தான் சித்தப்பா இப்போது தோண்டிக்கொண்டிருந்தார்.

இஸ்தான்புல்லிலிருந்து முதல் விமானம் பிடித்து வந்த எக்ரெம் அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, சிவந்த கண்களோடு தோட்டத்துக்கு வந்தான். அக்காவின் தோளைத் தொட்டான்.

"அம்மா பக்கத்துலயே படுக்கப் போறாரு. அது போதும்க்கா. நீயும் இங்கயே இருக்க. ரெண்டு பேரையும் பாத்துப்ப. எனக்கு இனிமே கவலையே இல்ல."

அவனுக்குக் கவலை இல்லை. ஊரில் ஓர் ஆள் இருக்கிறது என்ற நிம்மதி எப்போதும் ஊரில் இல்லாதவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வெட்டிய கிளையில் காய்கள் கொத்தாக, பச்சையாகவே இருந்தன.

போன வாரம் அப்பா அந்தப் பழம்தான் கேட்டார். இன்னும் பழுக்கவில்லை என்று, போன வருஷம் உப்பில் ஊறப்போட்டதை ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை வாயில் போட்டு, கொட்டையை நாக்கால் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைய அங்க வைக்காத."

"எங்கப்பா?"

"உங்கம்மா பக்கத்துல. பள்ளிவாசல் மையவாடிக்குக் கொண்டு போகச் சொல்லு."

"என்ன பேசறீங்க. அம்மா தனியா கெடப்பாளா?"

"அவ செத்தப்புறம் எக்ரெம் எத்தன தடவ கூப்ட்டான். நான் போனனா? கபர விட்டுட்டு எப்படிப் போறதுன்னு உக்காந்துட்டேன். என்னால நீயும் உக்காந்துட்ட. அவளுக்கு நான் காவல் இருந்தேன். எனக்கு நீ இருக்க வேணாம்."

"அப்ப அம்மாவுக்கு?"

"அந்த மரம் இருக்கு. செர்ரி மாதிரி இல்ல அது. பனி கொட்டுனாலும் இலைய உதிர்க்காது." கொட்டையை உள்ளங்கையில் துப்பி, அவளிடம் நீட்டினார். "கதவச் சாத்திட்டுப் போம்மா."

இதை எப்படி வெளியே சொல்வது? பெற்றவளையும் பெற்றவனையும் பிரித்துவிட்டுத் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் ஊர் பேசும். சாட்சிக்கு ஓர் ஊறுகாய் ஜாடி மட்டும்தான் இருந்தது.

மண்வெட்டி எதிலோ மோதி நின்றது.

"வேரு," என்றார் சித்தப்பா, முழங்கால் ஆழக் குழிக்குள்ளிருந்து. "மொத்தமா இருக்கு. எக்ரெம், அந்தக் கோடாலிய எடு."

"வெட்டாதீங்க," என்றாள் ஸெகியே.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா இங்க வேணாம்னு சொன்னாரு. மையவாடிக்குக் கொண்டு போகச் சொன்னாரு."

"யாரு, அப்பாவா?" எக்ரெமின் குரல் மாறியது. "இந்த எடத்த விட்டு வச்சதே அவரு. ஒரு வேருக்காக அவர அம்மாகிட்டேந்து பிரிக்கறியா?"

"வேருக்காக இல்ல. என்னைய இங்கேந்து போகச் சொன்னாரு."

"போகவா? நீ எங்க போவ?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"சாம்சுனுக்கு. என் சிநேகிதி ரெய்ஹான் அங்க தையல்கட வச்சிருக்கா. ரொம்ப நாளா கூப்பிடறா."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதில்ல."

வீட்டுக்குள் வெந்நீர் அண்டாவை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் சித்தப்பாதான் மண்வெட்டியைக் கரைமேல் வைத்தார்.

"போன சந்தைக்கு எங்கிட்ட மெஷின் எண்ணெ வாங்கியாரச் சொன்னான் உங்கப்பன். நீ புல்லுக்குப் போன நேரமாப் பாத்து. கட்டில்ல கெடக்கறவனுக்கு எதுக்கு எண்ணெய்னேன். ஸெகியேவோட தையல் மெஷின் கரகரன்னுது, அவளுக்குத் தெரியாம போட்டு வையின்னான். நான்தான் போட்டேன். காரணம் சொல்லல களவாணி."

ஸெகியே அரிவாளைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. எக்ரெம் குழியின் விளிம்பைச் சுற்றி வந்தான். பிறகு குனிந்து, அவள் வெட்டிப் போட்ட கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டினான்.

"இத எடுத்துட்டுப் போவோம்," என்றான். "நம்ம மரமாச்சும் அவரு மேல இருக்கட்டும்."

பிற்பகல் தொழுகைக்குப் பின் அப்பாவின் ஜனாஸா முன்னால் நின்று இமாம் கேட்டார், இவர்மேல் உங்களுக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுத்தீர்களா என்று. ஆண்கள் ஒரே குரலில் விட்டுக்கொடுத்தோம் என்றார்கள். மதிலுக்கு வெளியே பெண்களோடு நின்ற ஸெகியே, அப்பா தன்மேல் வைத்திருந்த உரிமையை யார் கேட்பது என்று நினைத்தாள். அதை அவர் போன வாரமே விட்டுக்கொடுத்துவிட்டிருந்தார்.

அப்பாவை மையவாடியில் அடக்கிய ஏழாம் நாள், ஓதல் முடிந்து எக்ரெம் இஸ்தான்புல் திரும்பினான். அரைகுறைக் குழியை அப்படியே விட்டுப் போக ஸெகியேவுக்கு மனமில்லை. தானே மண்ணைத் தள்ளி மூடினாள். தோண்டிய மண் அடங்குமா, அம்மாவின் பக்கத்தில் மேடாக எழுந்து நின்றது.

வேலிக்கு அப்பால் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஹமிதே பெரியம்மா நின்றாள். கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் போயிருந்தவள். சாவுச் செய்தி மட்டும்தான் அங்கே எட்டியிருந்தது.

"நியாஸியா," என்றாள், புது மண்ணைப் பார்த்து. "குடுத்து வச்சவன். பொண்டாட்டி பக்கத்துலயே எடம் கெடச்சிருச்சு. எல்லாருக்கும் வாய்க்குமா?"

ஸெகியே வாயைத் திறந்தாள். கிழவி அதற்குள் கைகளை ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பாத்திஹா ஓதும் உதடுகள் மெல்ல அசைந்தன.

கீழே ரோட்டில், தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு காத்திருந்த வேன் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஸெகியே கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துவிட்டு, தானும் கைகளை ஏந்தினாள். கிழவி ஓதி முடிக்கும்வரை இறக்கவில்லை.