மீன் படகில் வந்த மருந்து

மார்தினா சஹேதாபியை அந்தக் கம்பெனியில் யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. ஜகார்த்தாவில் இருந்துகொண்டு நாடு முழுக்க மருந்து அனுப்புகிற கம்பெனி அது. அங்கே அவள் மார்தினா மேடம். காது அதற்குப் பழகிவிட்டது, கண்தான் பழகவில்லை. லிஃப்ட்டில் எதிரே நிற்கிற பெண்ணின் இமைக்குள் வெளுத்திருந்தால், ரத்தம் குறைவு என்று மனசு தானாகச் சொல்லும். காவலாளி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினால் அவர் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒருமுறை கூட்டத்தில் நிதி மேலாளர் பேசிக்கொண்டிருக்க, அவர் கழுத்து நரம்பு துடிப்பதையே பார்த்திருந்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தாள்.

இந்தக் கம்பெனிக்கு வருமுன், நாட்டின் கிழக்கே அம்போன் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கிற நூசா ஹத்து தீவில் அவள் டாக்டராக இருந்தாள். அரசாங்கம் அனுப்பியது ஒரு வருஷத்துக்குத்தான். மற்ற வருஷங்களெல்லாம் அவளாக விரும்பி இருந்தது. கிராம்பு அறுவடைக் காலத்தில் ரோடு நெடுக பாய் விரித்துக் காயப்போடுவார்கள். சுகாதார நிலையத்துக்குள் டெட்டால் வாசனையை அந்தக் கிராம்பு வாசனை அமுக்கிவிடும். மரமேறி விழுந்து கை முறிந்து வருகிறவர்களும் அந்த மாதங்களில்தான் அதிகம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், மறுநாள் வாசலில் பாதாம் மாதிரியான கெனாரிக் கொட்டை ஒரு கையளவோ, சுட்ட மீனோ இருக்கும். யார் வைத்தது என்று சொல்லமாட்டார்கள். அவள் தின்றுவிட்டு எல்லோரிடமும் பொதுவாக நன்றி சொல்லிக்கொண்டு நடப்பாள்.

பிரசவம் பார்க்கிற நர்ஸ் அடோல்ஃபினா அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஊர் முன்னால் "டாக்டர்" என்பாள், தனியாக இருக்கும்போது "நோனா", அதாவது சின்னப் பொண்ணே என்பாள். மார்தினா முதல்முறை பிரசவம் பார்த்தபோது குழந்தை அழுவதற்கு முன்னால் அவள் அழுதுவிட்டாள் என்று அடோல்ஃபினா தீவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாலையில் வேலை முடிந்ததும் இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து சாகோ மாவில் கிண்டிய பப்பேடாக் கூழை மஞ்சள் மீன் குழம்பில் தோய்த்து உறிஞ்சுவார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் மார்தினாவுக்கு இன்றைக்கும் வாய் ஊறும்.

அந்த வாழ்க்கை கலைந்தது ரஹேல் என்ற பெண்ணின் பிரசவத்தில். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. கருப்பையைச் சுருங்க வைக்கிற ஊசியைப் போட்டார்கள். சுருங்கவில்லை. இன்னொன்று போட்டார்கள். அதுவும் தண்ணீர் போட்டது போலத்தான் இருந்தது. மார்தினா ஒரு கையை உள்ளே கொடுத்து, மறுகையால் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பலகையில் வைத்துப் படகில் ஏற்றினார்கள். அம்போன் போய்ச் சேரும்வரை அவளும் அடோல்ஃபினாவும் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி இருந்தார்கள். ரஹேல் பிழைத்தாள். கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது வயசு பத்தொன்பது.

அந்த ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டியது. கடல் கொந்தளிப்பால் படகு ஓடாத நாட்களில், பெட்டி அம்போன் துறைமுகத்தில் வெயிலில் கிடந்திருக்கிறது. மார்தினா அங்கே இருக்கிற அந்த மருந்துக் கம்பெனியின் கிடங்குக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அனுப்புவது வரைதான் தங்கள் வேலை என்றார்கள். துறைமுகத்தில் கேட்டால், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தங்களுக்கு யார் சொன்னது என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிடங்கைப் பார்வையிட ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த விர்யவான் என்ற அதிகாரி, அவள் கத்தி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"வெளிய நின்னு திட்டுனா எங்க ஆளுங்க காதுல விழாதும்மா. உள்ள வந்து திட்டுறீங்களா? நாற்காலி போட்டுத் தரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். அவர் நிஜமாகவே கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்து, போகப்போவதாக அடோல்ஃபினாவிடம் சொன்னாள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"கடை வைக்கப் போறியா நோனா?"

"கடை இல்லக்கா. மருந்து கெடாம வந்து சேரணும்ல."

"வந்து சேரட்டும். போடுறதுக்கு இங்க யாரு கை இருக்கு?"

அந்தக் கேள்வியோடுதான் மார்தினா படகேறினாள்.

ஜகார்த்தாவில் முதல் வருஷம் திண்டாட்டமாகத்தான் போனது. எல்லோரும் வாடிக்கையாளர் என்று சொல்கிற இடத்தில் அவள் நோயாளி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், பின்னால் சிரித்தார்கள். லாபக் கணக்கு படிக்கத் தன்னைவிடச் சின்னவர்களிடம் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் தனியாக இருக்கும்போது, விரல்கள் எதையாவது தட்டிப் பார்க்கும். மேஜையை, சுவரை, தன் நெஞ்சையே. வயிற்றைத் தட்டி உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்த விரல்கள் அவை.

கிழக்குத் தீவுகளுக்கு மருந்து அனுப்புவது நஷ்டம், நிறுத்திவிடலாம் என்று ஒருநாள் பேச்சு வந்தது. அன்றைக்கு மார்தினா எழுந்து, தீவிலிருந்து சூரை மீன் எப்படி அம்போனுக்கு வருகிறது தெரியுமா என்று கேட்டாள். ஐஸ் பெட்டியில், கண் மங்காமல் வருகிறது. அந்தப் பெட்டிகள் திரும்பும்போது காலியாகப் போகின்றன. மீன் கெடாமல் வருகிற வழியில் மருந்து கெடாமல் போகாதா?

"மீன் நாத்தத்தோட ஊசி மருந்தா, மேடம்?" என்றார் நிதி மேலாளர். அறையே சிரித்தது.

"நாத்தம் பெட்டிக்கு வெளியதான் சார் இருக்கும். உள்ள இருக்கறது ஒரு பொண்ணோட உயிர்."

விர்யவான் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தீவில் செய்து பாருங்கள் என்றார். மருந்து உறைந்துவிட்டாலும் கெட்டுப்போகும். அதனால் ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை தோற்று, மூன்றாவது வடிவம் சரியாக வந்தது. மீன் படகுக்காரர்களுக்குக் கூலி பேசினாள். ஒரு தீவு பல தீவுகளானது. அந்த அலைச்சலில் அவளுடைய டாக்டர் உரிமம் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டும் என்று நினைத்தாள், தள்ளிப்போட்டாள், பிறகு நினைப்பதையும் விட்டாள்.

நூசா ஹத்துவுக்கு அவள் மறுபடி போனது வெகு காலம் கழித்து, கிராம்பு காய்கிற மாதத்தில். சுகாதார நிலையத்துக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். மக்காஸரிலிருந்து வந்திருந்த அக்மல் என்ற இளம் டாக்டர், "கம்பெனியிலிருந்தா? கொஞ்சம் உக்காருங்க மேடம், உள்ள பிரசவம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவள் வாசல் பெஞ்சில், உள்ளே இருக்கிற பெண்ணின் கணவனோடு உட்கார்ந்தாள்.

குழந்தை அழுதது. கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அதற்குப் பிறகு உள்ளே அடோல்ஃபினாவின் குரல் கேட்டது. கத்தவில்லை, வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். அந்தக் குரல் எப்போது வரும் என்று மார்தினாவுக்குத் தெரியும். ரத்தம் போகிறது. அவள் எழுந்து கதவுவரை போய்விட்டாள். கை கதவில் பட்டது. உள்ளே ஊசி கேட்டார்கள். யாரோ அலமாரியைத் திறந்தார்கள். அவள் அப்படியே நின்றாள். உள்ளே போக அவளுக்கு அனுமதியில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கூப்பிடுகிறார்களா என்று மட்டும் காத்திருந்தாள்.

கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ சிரித்தார்கள்.

அடோல்ஃபினா ஈரக் கையோடு வெளியே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கதவோரம் நிற்கிறவளைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை.

"கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் வந்திருக்காங்கன்னு டாக்டர் சொன்னான். நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"என்னைக் கூப்பிடலியே அக்கா."

"ஊசியிலேயே ரத்தம் நின்னுடுச்சு. தேவைப்படல நோனா. அதான் கூப்பிடல."

மார்தினாவுக்கு அது சந்தோஷமா வலியா என்று தெரியவில்லை. அடோல்ஃபினா அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். மெத்தென்று ஆகிவிட்டது, நகத்துக்கு வர்ணம் வேறே என்று கேலி செய்தாள். கையை விடவில்லை.

மதியம் அவள் வீட்டில் சாப்பிட்டார்கள். அக்மலும் வந்தான். குழம்பை மேலே சிந்திக்கொண்டு பப்பேடாவோடு மல்லுக்கட்டுகிறவனைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். அவன் கை கழுவப் போன நேரத்தில் அடோல்ஃபினா கேட்டாள்.

"இங்க திரும்பி வந்துடறதா எண்ணம் உண்டா?"

ஆமாம் என்று சொல்ல மார்தினாவுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசை அவளுக்குள் எப்போதும் இருக்கும் என்றும் தெரிந்தது.

"இல்லக்கா," என்றாள். "இன்னும் பத்துப் பன்னெண்டு தீவு பாக்கி இருக்கு."

அடோல்ஃபினா தலையாட்டினாள். பாத்திரத்தை இழுத்து அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். கீழே கரையில் மீன் படகு என்ஜினைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. அந்தப் படகில்தான் அவள் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். சொல்லிவிட்டால் நிற்பார்கள், அவசரமில்லை, சாப்பிடு என்றாள் அடோல்ஃபினா. மார்தினா சாப்பிட்டாள்.