தொட்டி இல்லாத தண்ணீர்

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் வீரணன் எறிந்த ஸ்பேனர் பட்டு, வீட்டு மீன்தொட்டியின் நான்கு பக்கக் கண்ணாடியும் நொறுங்கி விழுந்தது. உள்ளேயிருந்த தண்ணீர் மட்டும் விழவில்லை. ஒன்றரை அடி நீளத்துக்கும் முக்கால் அடி உயரத்துக்கும் அது மேசைமேல் அப்படியே நின்றது. அதற்குள் செடிகள் நின்றன. சிவப்பும் நீலமுமான ஃபைட்டர் மீன் ஒன்று வழக்கம்போல மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போனது. சித்திரைத் திருவிழா முடிந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி. கரண்ட் இல்லை.

தொட்டி அவன் மனைவி தமிழ்வாணி வைத்தது. நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் செய்து கொடுக்கும் கடையில் அவள் வேலை பார்த்தாள். கல்யாணமாகி நான்கு வருடம். பங்குனியில் ஒருநாள் வளர்ப்பு மீன் கடையில், கைப்பிடி அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திரும்பக்கூட இடமில்லாமல் கிடந்த அந்த மீனைப் பார்த்தாள். ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதும் என்று கடைக்காரர் சொன்னதை அவள் கேட்கவில்லை. முதலில் தொட்டியை மட்டும் வாங்கினாள். கூழாங்கல்லை ஏழு தண்ணீரில் அலசினாள். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வாளியில் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றினாள். வேகமாக ஓடும் தண்ணீர் அந்த மீனுக்கு ஆகாது என்பதால் மெதுவாகக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்தாள். பஸ் ஸ்டாப்பில் உதிர்ந்த வாதாம் இலை ஒன்றைக் காயவைத்துப் போட, தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்தது. துள்ளி வெளியே விழுந்துவிடாமல் இருக்க மூடி செய்தாள். இவ்வளவும் முடித்து, சில வாரம் தண்ணீரைப் பழகவிட்டு, அதன் பிறகுதான் மீனைக் கொண்டுவந்து விட்டாள். அத்தனை நாளில் வீரணன் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கெட்டவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் போனைப் பார்ப்பான், சாப்பிடுவான், படுப்பான்.

அந்தக் கோடையில் அவர்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போயிருந்த வீரணன் உடம்பெல்லாம் எண்ணெயும் இரும்புத் தூளுமாகத் திரும்பினான். டிரம் காலி. அடுப்படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது, எடுத்துக் குளித்துவிட்டான். தமிழ்வாணி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"அது மீனுக்கு வச்ச தண்ணி."

"மனுசனுக்கு இல்லாத தண்ணி மீனுக்கு எதுக்கு?"

"கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். நீங்க எதத்தான் கேட்டிருக்கீங்க?"

மேசையின் ஆடும் காலை முறுக்குவதற்காக அவள் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த ஸ்பேனர் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தது. கண்ணாடி விழுந்து ஓய்ந்த பிறகு, நிற்கிற தண்ணீரை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "இன்னைக்குத் தொட்டி. நாளைக்கு?" என்றாள். கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு வண்டியூரில் இருக்கும் தங்கை பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் மாதம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றப் பார்த்தார். மீனுக்குச் சூடு ஆகாது என்று வீரணன் தடுத்துவிட்டான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து அளந்து, இருபத்துநான்கு லிட்டர் என்று எழுதிக்கொண்டு போனார். ஆடி பிறந்ததும் வரத்து நின்றது. பக்கத்துப் பட்டறை சிவனாண்டிதான் விடவில்லை. "தண்ணி கெடக்கட்டும்ணே. போயி மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான்." வீரணன் மூன்று முறை வண்டியெடுத்துப் போனான். மூன்று முறையும் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தான். கோபம் ஆறினால் அவளே வருவாள் என்று நினைத்தான். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவன் அம்மா அப்படித்தான் வந்திருக்கிறாள்.

பதினான்கு மாதம் கழித்து, சர்ட்டிபிகேட் எடுக்க ஒரு காலையில் அவள் வந்தாள். மேசையருகே குனிந்தாள். செடி அழுகி, தண்ணீர் கலங்கி, மீனின் செதிலில் பளபளப்பு போயிருந்தது.

"தண்ணி மாத்தலையா?"

"எப்பிடி மாத்துறது? கலைஞ்சிருமோன்னு தொடவே இல்ல."

அவள் ஒரு தம்ளரால் மெல்ல மொண்டு வாளியில் ஊற்றினாள். பத்துப் பன்னிரண்டு தம்ளர். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கியது, ஓரம் கலையவில்லை. "வாரத்துக்கு ஒருதடவை இம்புட்டு எடுத்துட்டு, ரெண்டு நாள் வச்ச தண்ணிய இம்புட்டு ஊத்துங்க. அழுகுன இலைய எடுத்துருங்க." அவன் தலையாட்டினான். பதினான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "காபி போடவா?" என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

அடுத்த வருடம் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பானது. அவள் திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே உடன் வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வீரணன் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினான். வாளிமேல் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொண்டான். வீட்டில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை. மீன் தன் நிறத்துக்குத் திரும்பியது. தீவனத்தை எடுத்து நீட்டினால் விரலருகே வந்து நிற்கும். தொட்டி உடைந்த ஐந்தாம் வருடம் புரட்டாசியில் ஒரு காலை அது செடியின்மேல் சாய்ந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டுக் கைகூடக் கழுவாமல் அவளுக்குப் போன் செய்தான்.

"மீனு செத்துருச்சு, வாணி."

"எம்புட்டு நாள் இருந்துச்சு?"

"நாலரை வருசம்."

"சாதாரணமா மூணு வருசந்தான் இருக்கும். நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

அவன் அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றான்.

"இத வண்டியூர்ல வாசல்ல நின்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன். ரெண்டு வருசம் வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் எட்டிப் பாத்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அரிசி வெந்துவிட்டது, போறேன் என்று வைத்துவிட்டாள்.

மீன் இல்லாமலும் தண்ணீர் நின்றது. வீரணன் வேறு மீன் வாங்கவில்லை. போன தைப்பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தமிழ்மாறன் என்கிற பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தான். அவர் கூடத்துச் சாமான்களை ஒவ்வொன்றாக நடுவில் நகர்த்திக்கொண்டே வந்து மேசையருகே நின்றார்.

"இத நகட்டலாமாண்ணே?"

"அது நகராதுப்பா. அங்கனயே இருக்கட்டும்."

"சரிண்ணே" என்று தமிழ்மாறன், யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸை இரண்டாகக் கிழித்தார். ஒன்றைப் பீரோவின்மேல் போட்டார். மற்றதைத் தண்ணீரின்மேல் விரித்து ஓரங்களைச் சீராக இழுத்துவிட்டு, ஏணியைச் சாத்தி மேல் சுவரிலிருந்து அடிக்கத் தொடங்கினார்.