கடல் ஒத்திகை

நாடக இயக்குநர் பலராமனைக் கௌரவிக்க, அவருடைய பழைய நாடகப் படங்களைப் போடும் திரைப்பட வாரத்தின் அழைப்பிதழில் தன் அண்ணன் நாகராஜின் முகம் இருந்ததை, அன்புசெல்வி சேதராப்பட்டு கம்பெனி கேன்டீனில்தான் பார்த்தாள். கூட வேலை செய்யும் பெண் செல்போனில் காட்டினாள். உடம்பெல்லாம் சாம்பல் பூசி, வாயைப் பிளந்தபடி நின்றான் நாகராஜ். பலராமனின் குழுவில் அவன் நடித்த காலத்துப் படம்.

அவன் கடலில் மூழ்கிச் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குடித்துவிட்டுக் குளிக்க இறங்கினான் என்று போலீஸ் எழுதியது. ஊரும் நம்பியது. கனகசெட்டிக்குளம் மீனவக் குப்பத்தில் பிறந்து, படகோடு வளர்ந்தவன் வேறு எப்படி மூழ்குவான்? அப்பா தெய்வநாயகம் அதற்குப் பிறகு மகன் பெயரை வாயில் எடுத்ததே இல்லை.

அதனால் அவரிடம் சொல்லாமல்தான் போனாள். கடற்கரைக்கு அடுத்த தெருவில் இருந்தது அரங்கம். முதல் நாள் படத்தில் அண்ணன் தலையைக் கோதினான், யாரையோ பார்த்துச் சிரித்தான், வசனம் மறந்து நாக்கைக் கடித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது கடைசியாகப் பார்த்தவன், இப்போது அவளைவிட இளையவனாக இருந்தான்.

இரண்டாம் நாள் ஓர் ஒத்திகைப் படம். கூட நடிப்பவர்கள் அவன் தலையைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அழுத்திப் பிடித்திருந்தார்கள். பீப்பாயைக் கையால் தட்டினான். விடவில்லை. மறுபடியும் தட்டினான். "இன்னும்... இன்னும்" என்று ஒரு குரல் அமைதியாகச் சொன்னது.

படம் முடிந்ததும் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த பலராமன் மைக்கை வாங்கினார். அதே குரல். வயதுகூட அதைத் தொடவில்லை.

"பயத்தை நடிக்க முடியாது. வரவழைக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

வாசலில் ஆலேன் நின்றிருந்தார். அந்தக் காலத்தில் பலராமனின் நாடகங்களையெல்லாம் படம் பிடித்தவர். நாகராஜோடு அவர்கள் வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுப் போவார். அவன் செத்த மாதமே பிரான்சுக்குப் போனவர், இந்த விழாவுக்காகத்தான் திரும்பியிருந்தார். அவளை அடையாளம் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"அன்பு... கடைசி நாள் மட்டும் வராதம்மா."

"ஏன்ணே? அதுல அண்ணன் இருக்காரா?"

"சொன்னா கேளு. வராத."

அவர் உள்ளே போய்விட்டார். ஆனாலும் அவள் ஒரு நாளும் விடாமல் வந்தாள்.

கடைசி மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. விழாவை நடத்திய சந்திரகலா மேடையேறி, "இது இதுவரைக்கும் யாரும் பார்க்காத படம். ஐயா பத்திரமா வெச்சிருந்தாரு. இதைத்தான் கடைசியா போடணும்னு அவரே கேட்டாரு" என்றார். விளக்குகள் அணைந்தன.

விடியற்காலைக் கடல். கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. நாகராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். முதுகில் மணல் மூட்டை, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே போனான், விழுந்தான், தவழ்ந்து கரைப்பக்கம் வந்தான்.

"ஐயா, மூச்சு வாங்குது. மூட்டைய அவுத்துடுங்க."

"உள்ள போ" என்றது அதே அமைதியான குரல்.

"கால் நிக்கல ஐயா. நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியுது. அதுதான் எனக்கு வேணும். போ."

நாகராஜ் கேமராவைப் பார்த்தான். யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு திரும்பி நடந்தான். ஓர் அலை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு கை மட்டும் தெரிந்தது. படம் ஆடியது.

"சார், ஆளக் காணோம் சார்!" ஆலேனின் குரல்.

"நிறுத்தாத. எடு."

அதன் பிறகு வெறும் கடல்தான். திரை முழுக்க அலை வந்தது, போனது. யாரும் எழுந்து வரவில்லை. அரங்கத்தில் யாரோ கைதட்டத் தொடங்க, அது வரிசை வரிசையாகப் பரவியது.

அன்புசெல்வி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தட்டாதீங்க! அது நடிப்பு இல்ல. எங்க அண்ணன் அங்கதான் செத்தாரு. குடிச்சிட்டு செத்தான்னு சொன்னாங்க. அவர் குடிக்கவே இல்ல."

கைதட்டல் தயங்கியது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததோ என்று சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சந்திரகலா வாயில் கை வைத்தபடி நின்றுவிட்டார். பலராமன் மட்டும் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கண் பளபளத்தது.

"அங்கயே நில்லும்மா. நகராத. அலை உன் மேல விழுது. ரொம்ப நல்லா இருக்கு."

அந்தக் குரல் சொன்னதும் அவள் கால்கள் நிஜமாகவே நின்றுவிட்டன. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று தோன்றிய கணத்தில் உடம்பை உலுக்கிக்கொண்டு நகர்ந்தாள். திரை இருண்டது. பின்னால் படம் ஓட்டும் அறையிலிருந்து ஆலேன் டேப்போடு ஓடிவந்தார்.

"அவன் உடம்புலேர்ந்து மூட்டைய அவுத்து ஒளிச்சது நான்தான் அன்பு. வா, ஸ்டேஷனுக்குப் போலாம். நான் சொல்றேன்."

ஸ்டேஷனில் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் கழித்துக் கேஸ் நிற்குமா தெரியாது, காலையில் வந்து புகார் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஆலேனை மட்டும் உட்காரச் சொன்னார்கள்.

பஸ் பிடித்து ஊர் திரும்பினாள். தெய்வநாயகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை தட்டிலேயே நின்றது. முழுவதும் கேட்டார்.

"கரையில ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்கப்பா. கேமராவுக்குப் பின்னால."

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு குரல் கேட்டுது."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வெள்ளச் சட்டைய எடுத்து வை. காலையில நானும் வரேன். நாகராஜுக்கு அப்பன்னு கையெழுத்துப் போடணும்."