ஆறு தட்டு அக்காவின் பத்து கிலோமீட்டர்

ஆறு தட்டு அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் ஓட்டலின் சமையல் மாஸ்டர். இடது கையில் நான்கு சூப் தட்டுகளை முழங்கை வரை அடுக்கி, வலது கையில் இரண்டைப் பிடித்து, மத்தியானக் கூட்டத்துக்கு நடுவே புகுந்து போய், ஒரு சொட்டு சிந்தாமல் மேஜையில் வைத்து, "வேற ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் மாஸ்டர் அடுத்த தட்டில் கரண்டி போட்டிருக்க மாட்டார். அவ்வளவு வேகம். ஆனால் அந்த ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடக் கூடாது. சர்வர் ஓடினால் அடுப்படியில் தீப்பிடித்துவிட்டது என்று சாப்பிடுகிறவர்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள் என்பது முதலாளியின் பயம். பணம் கொடுக்காமல் போய்விடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

இப்படி இருபது வருஷம் ஓடாமலே ஓடியவளை நிஜமாக ஓட இழுத்துப் போனவள் அவளுடைய நாத்தனார். வங்கியில் அதிகாரி. நாற்பதைத் தொடப் போகிறாள், வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் பூங்காவைச் சுற்றி ஓடும் ஒரு கூட்டத்தில் அவள் சேர்ந்திருந்தாள். "அண்ணி, நாள் பூரா நடந்துட்டுதான இருக்கீங்க, ஒரு நாள் வந்து ஓடித்தான் பாருங்களேன்" என்று நச்சரித்தாள். அவள் வாயை அடைப்பதற்காக ஒரு நாள் போன அக்கா, வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்து, மறுநாள் அவளுக்கு முன்னால் பூங்கா வாசலில் நின்றாள். ஓட்டம் பிடித்துப் போய்விட்டது. ஓட்டத்துக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் நீச்சல் குளத்தில் காவலராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் விசில்காரர். கையை வீசி ஓடச் சொன்னார். அக்கா வீசினாள். பக்கத்தில் ஓடியவர்கள் விலகி ஓடினார்கள்.

"அக்கா, கையை வீசத்தான் சொன்னேன், கொசு அடிக்கச் சொல்லல."

காலை எட்டி வைத்தால் வேகம் வரும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, சாக்கடையைத் தாண்டுவதுபோல அடி வைத்தாள். முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. அவள் ஓடுவதைவிட நடப்பது வேகம் என்று கூட்டத்தில் பேச்சு. பேச்சு என்ன பேச்சு, உண்மையே அதுதான்.

போன வருஷம் பத்து கிலோமீட்டர் பந்தயத்தில் அவள் செய்த காரியத்தை நாத்தனார் போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். அக்கா ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தாள். மேஜை ஈரமாக இருந்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு துணியைத் தேடி எடுத்து மேஜையைத் துடைத்து, காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஓரம் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, பந்தயம் ஞாபகம் வந்தபோது சாலையில் வண்டிகளை விட ஆரம்பித்திருந்தார்கள். "எல்லாரும் ஓடப் போனாங்க, எங்க அண்ணி டியூட்டிக்குப் போனாங்க" என்பாள் நாத்தனார். அக்காவும் கூடச் சிரிப்பாள். ஆனால் மனசுக்குள் சுருக்கென்று இருக்கும்.

சுருக்கென்றதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பந்தயம் முடிந்து ஒரு மாதத்தில் நான்கு பேர் ஓடும் தொடரோட்டம் ஒன்று நடந்தது. அக்கா வேலியோரம் நின்று பார்த்தாள். நாத்தனார் தன் முறைக்காகக் கோட்டில் நின்றாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி, கழுத்தைத் திருப்பி, ஓடி வருகிற ஒரே ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு. உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி ஒரு பார்வை. அக்காவை அந்தப் பார்வை உலுக்கிவிட்டது. அவளுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. சூப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். தட்டு வருகிறதா என்று பார்ப்பார்கள், தட்டைக் கொண்டு வருகிறவளைப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வருஷம் தொடரோட்டக் குழுவில் விசில்காரர், நாத்தனார், ஒரு பல் டாக்டர் என்று மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடம் காலியாக இருந்தது. பத்து கிலோமீட்டர் பந்தயத்தை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் ஆள் கூட்டத்தில் இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் பக்கத்துப் பூங்காக் கூட்டத்திலிருந்து ஆளைக் கடன் வாங்குவது என்று விசில்காரர் சொன்னார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்:

"எனக்கு அந்த இடம் வேணும்."

பூட்டு ரிப்பேர் செய்கிற அவர் ஒரு பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கு ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டு அவர் கேட்டதில்லை. பூட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப எடுத்துக்கோ" என்றார்.

எடுத்துக்கொள்ள வழிதான் தெரியவில்லை. வழி ஒரு நாள் மத்தியானம் ஓட்டலுக்குள் சூப் குடிக்க வந்தது. விசில்காரர் மூலை மேஜையில் உட்கார்ந்து, கரண்டியை வாயருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. ஆறு தட்டோடு அவரைத் தாண்டிப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். அவர் சூப் ஆறிப் போனது.

"அக்கா, இன்னொரு தடவை அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க."

"எதுக்கு? சூப்புல ஏதாவது விழுந்திருக்கா?"

"சூப்பை விடுங்க. உங்க தலை ஆடல, தோள் ஆடல. அடி சின்னச் சின்னதா படபடன்னு விழுது. இத்தனை மாசமா நான் தொண்டை கிழியக் கத்துறது இதைத்தான. இந்தக் காலை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

மறுநாள் பூங்காவில் அந்தக் காலைத் தேடினாள். கிடைக்கவில்லை. கை காலியாக இருந்தால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பழையபடி கொசு அடித்தது. அதற்கடுத்த நாள் அவள் ஒரு டிரேயோடு வந்தாள். அதில் ஆறு டம்ளர், ஆறிலும் தண்ணீர்.

பூங்காத் தெருவுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேறு கிடைத்திருக்காது. மாடியில் துணி காயப் போட்டவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பேப்பர் போடுகிறவர், "அக்கா, நமக்கு ஒரு காபி, சர்க்கரை கம்மியா" என்று தினமும் சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் தண்ணீர் எல்லாம் ஷூவுக்குள் போனது. பிறகு பாதி டம்ளர் தப்பித்தது. பிறகு ஒரு நாள், பூங்காவைத் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி, வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஆறு டம்ளரும் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தன. புருஷன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர் ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார், ஏதோ அவளே சமைத்த தண்ணீர் மாதிரி.

ஆனால் டிரேயை வைத்துவிட்டு ஓடினால் பாதி தூரம்தான் கால் ஒழுங்காக இருந்தது. அதற்குமேல் கை அலைய ஆரம்பித்துவிடும், ஒரு மணி நேரம் கையை விட்டு நழுவிவிடும். பந்தயத்துக்கு முந்தின நாள் நாத்தனார் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, நாளைக்கு என் ஆபீஸ்ல இருந்து பத்துப் பேர் வர்றாங்க. தயவு செஞ்சு டிரேயைத் தூக்கிட்டு வந்து மானத்தை வாங்கிடாதீங்க."

"கொண்டு வரல."

"தண்ணி மேஜைப் பக்கம் கையை நீட்டக் கூடாது."

"நீட்டல."

"சத்தியமா?"

"ரெண்டுக்கும் சேர்த்துச் சத்தியம் குட்டி, போதுமா?"

பந்தய நாள் வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட்டது. நாத்தனார் கிளம்பின வேகத்தில் கண்ணுக்கு மறைந்தாள். அக்கா இல்லாத டிரே ஒன்றை மனசில் ஏந்திக்கொண்டு சின்னச் சின்ன அடியாக ஓடினாள். ஐந்தாவது கிலோமீட்டர் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஆறில் கை தன் வேலையைக் காட்டியது. தோள் ஏறியது, அடி நீண்டது, மூச்சு இரைத்தது. புருஷனிடம் வாங்கிக் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இப்படியே போனால் இடம் போய்விடும். அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அழவும் மூச்சு வேண்டுமே, அதனால் அழவில்லை.

ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே கடந்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்த நேரத்தில் கூட்டம் மேஜையை மொய்த்தது. கண்ணாடி போட்ட தொண்டர் ஒருவர் டம்ளர்கள் நிறைந்த டிரே ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். டிரேயை அப்படித் தூக்கவே கூடாது. யாரோ இடித்தார்கள். டிரே சாய்ந்தது.

அக்காவின் கை தானாக நீண்டுவிட்டது. மூளைக்குத் தகவல் பிறகுதான் வந்தது. டிரே அவளுடைய இடது உள்ளங்கையில் வந்து சமமாக உட்கார்ந்திருந்தது, ஒரு டம்ளர்கூட விழவில்லை.

"நல்ல வேளைங்க. அப்படியே அந்த மேஜைல வச்சிடுங்க" என்றார் தொண்டர்.

அவள் மேஜையைப் பார்த்தாள். எள் விழ இடமில்லை. காலி டம்ளரும் கசங்கிய டம்ளரும் ஈரமுமாகக் கிடந்தது. டிரேயை வைப்பதென்றால் அதையெல்லாம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் துடைக்க வேண்டும். துடைக்கத் துணி எங்கே என்று கண் ஏற்கெனவே தேட ஆரம்பித்துவிட்டது. தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மேஜையில் ஒரு விரல் வைத்தாலும் இந்த வருஷமும் போயிற்று.

டிரேயோடு ஓடினாள்.

"அம்மா, டிரே, எங்க டிரே" என்று பின்னால் குரல் வந்தது. "கழுவிக் கொண்டாந்து தர்றேன்" என்று திரும்பாமலே சொன்னாள். கால் வந்துவிட்டது. இருபது வருஷம் பழகிய கால், சின்னதாக, படபடவென்று, தலை ஆடாமல் தோள் ஆடாமல். மூச்சு தானாகச் சீரானது. முன்னால் போன ஒருவரைத் தாண்டும்போது அவர் டிரேயைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். அப்புறம் அவள் தாண்டிய எல்லாரும் எடுத்தார்கள். சிலர் எடுப்பதற்காகவே வேகம் கூட்டி வந்தார்கள்.

"வேற ஏதாவது வேணுங்களா?" என்றாள், வாய்ப் பழக்கத்தில்.

"காத்து வேணும்" என்றார் ஒரு குண்டு மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டல் சட்டத்தை மீறி, கையில் டிரேயோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக நடுச்சாலையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை. சாலை ஓரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். முடிவுக் கோட்டில் மைக் வைத்திருந்தவர் வரிசையாக எண்களைப் படித்துக்கொண்டே வந்து, அவளைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு, "அடுத்து வர்றது, சப்ளை" என்றார்.

ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் நடுவில் நின்ற நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பெரிய கடிகாரம் தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள். "அண்ணி, வாங்க, வாங்க, விடாதீங்க" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற அவளுடைய மேலதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆக இன்னும் ஒரு மூச்சு நேரம் பாக்கி இருந்தபோது அக்கா கோட்டைத் தாண்டினாள். டிரேயில் ஒரே ஒரு டம்ளர் நிரம்ப இருந்தது.

"ரெண்டு சத்தியமும் போச்சு அண்ணி" என்றாள் நாத்தனார், அவளைக் கட்டிப் பிடித்தபடி.

"போச்சு. இடம்?"

இருவரும் விசில்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் வெறுங்கையோட ஓடினாங்க. சுமையோட ஓடினவங்களுக்கு இடம் இல்லன்னா அப்புறம் யாருக்கு?"

டிரே மறுநாளே கழுவித் துடைத்துப் பந்தயக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதன் பளபளப்பைப் பார்த்து அது தங்களுடையதுதானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததாகக் கேள்வி.

அடுத்த மாதம் தொடரோட்டம். அக்கா மூன்றாவதாக ஓட வேண்டும், நாத்தனார் கடைசியாக. வெறுங்கையோடு பாதியில் கால் தடுமாறுமே என்று அக்காவுக்கு உள்ளூர உதறல். பல் டாக்டர் ஓடி வந்து தொடரோட்டக் குச்சியை அவள் கையில் திணித்ததும் அந்த உதறல் நின்றுவிட்டது. கையில் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்று இருந்தது. அது போதும் அவளுக்கு. இரண்டு பேரைத் தாண்டினாள், வளைவில் இன்னொருவரைத் தாண்டினாள், நிமிர்ந்து பார்த்தாள்.

கோட்டில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை பின்னால் நீண்டிருந்தது. கழுத்தைத் திருப்பி, குச்சியைப் பார்க்காமல், அண்ணியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி.

அக்காவுக்குக் கண் நிறைந்து வழி மங்கியது. கால் மங்கவில்லை. நேராகப் போய், நீட்டிய உள்ளங்கையில் குச்சியைப் பதமாக வைத்தாள். வைத்த கையோடு வாய் தன் பாட்டுக்குக் கேட்டது:

"வேற ஏதாவது வேணுங்களா?"

நாத்தனார் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பில் குரல் உடைய, ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினாள்.

"நீங்க உட்காருங்க அண்ணி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அக்கா அங்கேயே புல்லில் உட்கார்ந்தாள்.